கறுப்புக் குதிரை ஈன்ற பால்நிறக் குட்டி

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா காட்பாடி ரயில் நிலையத்தில் ஜட்கா ஓட்டியவர். அப்பா மூன்று குதிரைகள் வைத்துக்கொண்டு கோயில் திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் அனுப்புகிறார். ஏழு வருடங்களுக்கு முன் அந்தியூர் ஆடிச் சந்தையில் ஒரு கறுப்புப் பெண்குட்டியை வாங்கினோம். போன வருடம் அதைப் போளூர்ப் பக்கத்தில் ஒருவர் வைத்திருக்கும் ஆண் குதிரையோடு சேர்த்தோம். அந்தக் குதிரை சந்தன நிறம். பிடரியும் வாலும் வெள்ளை. பிறந்த பெண்குட்டி தாயைப் போலவும் இல்லை, தகப்பனைப் போலவும் இல்லை. உடம்பெல்லாம் பால் நிறம், தோல் ரோஜா நிறம், கண் வெளிர் நீலம். பிறந்த மூன்றாம் நாள் என் அண்ணன் அதன் கண்ணுக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தான், இமைக்கவில்லை. குருட்டுக் குட்டி என்று ஊரே சொல்லிவிட்டது. இப்படிப்பட்ட வெள்ளைக் குட்டி தங்காது என்று பெரியவர்கள் பயமுறுத்தினார்கள். இப்போது இரண்டு மாதம் ஆகிறது, துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. வேறு ஏதோ குதிரையைச் சேர்த்து ஏமாற்றிவிட்டதாக, திருவண்ணாமலை தீபச் சந்தையில் அந்தப் போளூர்க்காரரை அப்பா நாலு பேர் முன்னால் திட்டிவிட்டார். ஒரு வியாபாரி, கண் தெரியாத குட்டி என்று அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். இன்னொருவர் இது நுக்ரா வெள்ளைக் குதிரை என்று சொல்லி இரட்டை விலை பேசுகிறார். அண்ணன் அதே ஆண் குதிரையோடு மறுபடியும் சேர்க்கலாம் என்கிறான். குட்டிக்கு என்ன குறை? யார் சொல்வது சரி? படங்கள் இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம். (கடிதம் சுருக்கித் தரப்பட்டுள்ளது.)

பதில்:

அம்மா, முதலில் உங்கள் மனம் ஆறட்டும். நீங்கள் எழுதியதையும் படங்களையும் வைத்துப் பார்த்தால் உங்கள் குட்டிக்கு நோய் எதுவும் இல்லை. கண் தெரியாது என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. போளூர்க்காரர் ஏமாற்றியதற்கும் எந்த அடையாளமும் இல்லை. அந்தப் பால் நிறத்தில் பாதி அவருடைய குதிரையிடமிருந்து வந்தது. மறுபாதி உங்கள் கறுப்புப் பெட்டையிடமிருந்து வந்தது. ஏழு வருடமாக அது உங்கள் கொட்டகையிலேயே நின்றும், அதற்குள் இருந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். குட்டி பால் குடிக்கிறது, தாய் தலையைத் திருப்பிப் பார்க்கிறது. வலது காது படமெடுப்பவரை நோக்கி மடங்கியிருக்கிறது. அந்தக் காதின் உள்மயிரைப் பாருங்கள். உடம்பு முழுவதும் கறுப்பாக இருக்கும்போது, காதுக்குள் மட்டும் வைக்கோல் நிறத்தில் மயிர் தெரிகிறது. கோடையில் அதன் முதுகு செம்பட்டை பாய்வதாக நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். செம்பட்டை மட்டும் என்றால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வேலூர் வெயிலில் எந்தக் கறுப்புக் குதிரையும் வெளுக்கும். காது மயிர், வெளுப்பு, நீலக்கண் குட்டி ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வரும்போதுதான் சந்தேகம் வலுக்கிறது. உங்கள் பெட்டை வெறும் கறுப்பு அல்ல. வெளிநாட்டார் ஸ்மோக்கி பிளாக் என்று சொல்லும் வகை அது. கறுப்புக்குள் கிரீம் மரபணு ஒன்றை மறைத்து வைத்திருக்கும் குதிரை.

இதைப் புரிந்துகொள்ள மயிரின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். குதிரையின் மயிரில் இரண்டே நிறமிகள் உண்டு. ஒன்று கறுப்பு, மற்றொன்று சிவப்பு. எந்த நிறமி, எந்த இடத்தில் என்பதை முக்கியமாக இரண்டு மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. முதல் மரபணு கறுப்பு நிறமியைச் செய்ய அனுமதிக்கிறது. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக இருக்கும். இந்த முதல் மரபணு இரண்டு பிரதியிலும் பழுதாகிவிட்டால் குதிரை முழுச் செவலை. இரண்டாவது மரபணு கறுப்பைப் பிடரி, வால், கால் ஆகிய ஓரங்களுக்கு ஒதுக்குகிறது. ஓரங்கள் மட்டும் கறுத்து உடல் சிவந்த குதிரைகள் அப்படி வருபவை. செவலை, ஓரம் கறுத்த சிவப்பு, முழுக் கறுப்பு என்ற மூன்றும்தான் அடிப்படை. உலகத்தில் உள்ள மற்ற எல்லாக் குதிரை நிறங்களும் இந்த மூன்றின் மேல் வேறு மரபணுக்கள் செய்யும் வேலை. சில மரபணுக்கள் வெள்ளைத் திட்டு போடும். பஞ்சகல்யாணியின் வெள்ளைக் காலும் முகமும் அந்த வகை. சில மரபணுக்கள் நிறமியை நீர்க்கச் செய்யும். கிரீம் அந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது.

கிரீம் நிறத்துக்குக் காரணமான மாற்றத்தை 2003-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். குதிரையின் 21-ஆவது குரோமோசோமில் எஸ்எல்சி45ஏ2 என்று ஒரு மரபணு இருக்கிறது. நிறமி தயாராகும் நுண்பைகளுக்கு வேண்டிய ஒரு புரதத்தை அது செய்கிறது. அந்தப் புரதச் சங்கிலியின் 153-ஆவது மணி ஆஸ்பார்ட்டிக் அமிலமாக இருக்க வேண்டும். கிரீம் குதிரையில் அந்த இடத்தில் ஆஸ்பராஜின் என்ற வேறு மணி உட்கார்ந்திருக்கிறது. மாறியது ஒரே ஒரு மணிதான். உங்கள் வீட்டில் நடந்த சண்டைக்கெல்லாம் மூலம் அதுதான்.

இந்த மாற்றத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பிரதி மட்டும் இருந்தால் அது சிவப்பு நிறமியைப் பலமாக வெளுக்கும், கறுப்பை ஏறக்குறையத் தொடவே தொடாது. செவலைக் குதிரையில் ஒரு கிரீம் சேர்ந்தால் உடல் சந்தனமாகும், பிடரியும் வாலும் வெள்ளையாகும். போளூர்க் குதிரை அதுதான். அதைப் பாலோமினோ என்பார்கள். ஓரம் கறுத்த சிவப்புக் குதிரையில் சேர்ந்தால் உடல் சந்தனமாகிவிடும், காலும் வாலும் கறுப்பாகவே நிற்கும். முழுக் கறுப்புக் குதிரையில் சேர்ந்தால் வெளுக்கச் சிவப்பே இல்லை. குதிரை கறுப்பாகவே நின்றுவிடும். காதுக்குள் நாலு மயிர் மட்டும் வெளுத்துக் கிடக்கும். சந்தையில் யார் அந்தக் காதை விரித்துப் பார்க்கிறார்கள்? சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். காதுக்குள் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

வண்டலூருக்குப் போயிருந்தால் வெள்ளைப் புலியைப் பார்த்திருப்பீர்கள். அதன் மஞ்சள் முழுக்கப் போயிருக்கும். கறுப்புக் கோடு மட்டும் அப்படியே நிற்கும். புலியின் வெள்ளைக்கும் காரணம் இதே எஸ்எல்சி45ஏ2 மரபணுதான் என்று 2013-ல் தெரியவந்தது. மாற்றம் நேர்ந்த இடம் வேறு, மரபணு ஒன்று. அந்தப் புலியை நினைவில் வைத்துக்கொண்டால், சிவப்பைத் தின்று கறுப்பை விட்டுவிடும் இந்தக் குணம் உங்களுக்கு மறக்காது.

ஆனால் கிரீம் இரண்டு பிரதியாகச் சேர்ந்துவிட்டால் கதை வேறு. அப்போது கறுப்பும் தப்பாது. உடல் பாலாகவோ தந்தமாகவோ வெளுக்கும், தோல் ரோஜா நிறமாகும், கண் வெளிர் நீலமாகும். அடிப்படை செவலையாக இருந்தால் கிரெமெல்லோ, ஓரம் கறுத்த சிவப்பாக இருந்தால் பெர்லினோ, முழுக் கறுப்பாக இருந்தால் ஸ்மோக்கி கிரீம் என்று மூன்று பெயர்கள் சொல்வார்கள். பார்வையால் மட்டும் இவற்றைப் பிரிப்பது எனக்கும் கடினம். உங்கள் குட்டியின் வாலில் மெல்லிய துரு நிறம் தெரிகிறது. அதனால் பின்னிரண்டில் ஒன்றாக இருக்கலாம். பரிசோதனை செய்தால்தான் உறுதி.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு குதிரையிடமும் இந்த மரபணு இரண்டு சீட்டாக இருக்கிறது. ஒரு சீட்டைக் குட்டிக்குக் கொடுக்கும். எந்தச் சீட்டு என்பது குலுக்கல். உங்கள் பெட்டையிடம் ஒரு கிரீம் சீட்டும் ஒரு சாதாரணச் சீட்டும் இருக்கின்றன. போளூர்க் குதிரையிடமும் அப்படியே. இரண்டு பக்கமும் சாதாரணச் சீட்டு விழ நான்கில் ஒரு வாய்ப்பு, ஒரு கிரீம் மட்டும் விழ நான்கில் இரண்டு, இரண்டும் கிரீமாக விழ நான்கில் ஒன்று. உங்களுக்கு விழுந்தது அந்த நான்காவது. நான்கில் ஒன்று என்றால் நான்கு ஈற்றில் ஒன்று கட்டாயம் இப்படி வரும் என்று பொருள் அல்ல. ஒவ்வொரு ஈற்றும் புதிய குலுக்கல். அடுத்ததும் பாலாக வரலாம். அடுத்த ஐந்தும் வராமலும் போகலாம்.

இதை வைத்துப் போளூர்க்காரர் விஷயத்தைப் பாருங்கள். இரண்டு கிரீம் உள்ள குட்டிக்குத் தாயும் தகப்பனும் ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்க வேண்டும். அவருடைய குதிரை சந்தன நிறம். கொடுக்க அதனிடம் கிரீம் இருந்தது. வேறு செவலையையோ கறுப்பையோ மாற்றிச் சேர்த்திருந்தால்தான் இந்தக் குட்டி பிறப்பது அரிது. அதாவது உங்கள் அப்பா எதை ஏமாற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டினாரோ, அதுவே அவர் பக்கத்துச் சாட்சி. நூற்றுக்கு நூறு உறுதி வேண்டும் என்றால் தாய், தகப்பன், குட்டி மூன்றின் மயிரையும் வைத்துப் பெற்றோர் யார் என்று டிஎன்ஏ பார்க்கலாம். அந்தச் செலவுக்கு முன் உங்கள் அப்பா ஒரு முறை போளூருக்கு பஸ் ஏறிப் போய்விட்டு வரட்டும். பொலிகுதிரை வைத்துப் பிழைப்பவருக்கு நாணயம்தான் முதல். நாலு பேர் முன்னால் போனதை நாலு பேர் முன்னால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதை ஒரு மருத்துவனாக மட்டும் நான் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் ஒரு தவறான சொல் எத்தனை வருடம் ஒட்டிக்கொள்ளும் என்று பார்த்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன்.

அண்ணன் செய்த சோதனைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் கையை ஆட்டினான், குட்டி இமைக்கவில்லை, எனவே குருடு என்றார்கள். அம்மா, அந்த வயதில் எந்தக் குதிரைக் குட்டியும் இமைக்காது. கறுப்புக் குட்டியும் இமைக்காது, செவலைக் குட்டியும் இமைக்காது. கண்ணை நோக்கி வரும் கையைக் கண்டு இமைப்பது குட்டி கற்றுக்கொள்ளும் பழக்கம். அது வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நீலக் கண்ணைப் பார்த்த பயத்தில்தான் அண்ணனுக்கு இந்தச் சோதனையே தோன்றியிருக்கும். கறுப்புக் குட்டியாக இருந்தால் யாரும் கையை ஆட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது, இப்போது பாருங்கள். கையை விரித்து வேகமாக வீசாதீர்கள். காற்று பட்டாலே இமைத்துவிடும். ஒரு விரலை மட்டும் பக்கவாட்டிலிருந்து கண்ணருகே கொண்டுபோங்கள். பிறகு கொட்டகையை அரையிருட்டாக்கி டார்ச் விளக்கைக் காட்டுங்கள். கண்மணி சுருங்க வேண்டும். அடுத்து, குட்டி வழக்கமாக ஓடும் பாதையில் ஒரு வைக்கோல் கட்டைப் போட்டுவைத்து, தாயை அந்தப் பக்கம் நிறுத்தி, குட்டியை விடுங்கள். கட்டைச் சுற்றி வந்தால் கேள்வி முடிந்தது. முதலில் ஒரு கண்ணைத் துணியால் மறைத்தும் பிறகு மறு கண்ணை மறைத்தும் பாருங்கள். கிரீம் குதிரையின் நீலக் கண் கருவிழிப்படலத்தில் நிறமி குறைந்த கண். பார்வை உள்ள கண். உச்சி வெயிலில் கொஞ்சம் கூசலாம், அவ்வளவுதான். வியாபாரி கேட்ட விலைக்கு என்ன பதில் சொல்வது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

"வெள்ளைக் குட்டி தங்காது" என்று பெரியவர்கள் சொன்னதை நான் வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். உண்மையிலேயே தங்காத வெளிர் குட்டிகள் உண்டு. அவை வேறு, அடையாளமும் வேறு.

ஒன்று, உடலில் ஒழுங்கற்ற வெள்ளைத் திட்டு வரும் ஒரு வகை. ஃபிரேம் ஓவரோ என்று பெயர். தாய், தகப்பன் இருவரிடமும் அந்த மரபணு இருந்து இரண்டு பிரதி சேர்ந்தால் குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும். பெருங்குடலுக்குப் போக வேண்டிய நரம்பணுக்கள் போய்ச் சேர்ந்திருக்காது. சாணம் வெளியே வராது. வயிற்றுவலியில் புரண்டு சில நாட்களில் செத்துவிடும், சிகிச்சை இல்லை. உங்கள் குட்டி பிறந்த அன்றே கருஞ்சாணம் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி போதும்.

இன்னொன்று அரபுக் குதிரைகளில் வரும் லாவெண்டர் குட்டி. இதுவும் நிறம் நீர்த்துப் போகும் வகைதான். ஆனால் நிறமி குறைவதால் நீர்ப்பதில்லை. நிறமி மணிகளைச் சுமந்துபோகும் ஒரு புரதம் பழுதாவதால் நிறம் மயிருக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது. மயோசின் 5ஏ என்ற அந்தப் புரதம் நரம்பணுக்களிலும் இதே சுமைதூக்கும் வேலையைச் செய்கிறது. அதனால் மயிரில் வெளிர் ஊதாப் பளபளப்போடு பிறக்கும் குட்டி எழுந்து நிற்க முடியாது. கழுத்து பின்னுக்கு வளையும், கால்கள் விறைத்து இழுக்கும். இந்த மாற்றம் 2010-ல் அடையாளம் காணப்பட்டது. இதற்கும் மருந்து இல்லை. பார்க்கவே முடியாத காட்சி அது. ஆரோக்கியமான குட்டி பிறந்து ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். உங்கள் குட்டி இரண்டையும் செய்தது. அரபு ரத்தம் கலந்த குதிரை வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் மட்டும் இந்தப் பத்தியை மறக்காதீர்கள்.

நீர்க்கச் செய்யும் மற்ற மரபணுக்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் சந்தையில் எல்லா வெளிர் குதிரையையும் ஒரே கூடையில் போடுகிறார்கள். சில்வர் என்று ஒன்று இருக்கிறது. அது கிரீமுக்கு நேர் எதிர். கறுப்பை மட்டும் வெளுக்கும், சிவப்பை விட்டுவிடும். கிரீம் கறுப்புக் குதிரையில் ஒளிவது போலச் சில்வர் செவலைக் குதிரையில் ஒளிந்துகொள்ளும். இந்த மரபணுவோடு பிறவிக் கண் கோளாறும் சேர்ந்தே வருகிறது. இரண்டு பிரதி இருந்தால் கோளாறு கடுமை. நிறத்துக்காகக் கண்ணைப் பலிகொடுப்பது என்றால் அது அங்கேதான் நடக்கிறது. கிரீமில் இல்லை. ஷாம்பெயின் என்பது அமெரிக்க இனங்களில் வருவது. உங்களுக்கு அதன் கவலை வேண்டாம்.

டன் என்ற வகை நம் நாட்டுக்கு நெருக்கமானது. குஜராத்தின் கத்தியவார் குதிரைகளில் நிறையப் பார்க்கலாம். அந்தியூர்ச் சந்தையில் மண் நிறக் குதிரை ஒன்றைப் பார்த்தால் அதன் முதுகுத்தண்டை ஒட்டிப் பாருங்கள். பிடரியிலிருந்து வால்வரை கரிக்கோடு ஒன்று இழுத்தாற்போல் ஓடும். முழங்காலில் வரிக்குதிரையைப் போல மெல்லிய பட்டைகள் தெரியும். அதன் உடல் மயிர் ஒன்றைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், நிறமி மயிரின் ஒரு பக்கத்தில் மட்டும் அடைந்திருக்கும், மறு பக்கம் தெளிவாக இருக்கும். மாம்பழத்தின் ஒரு கன்னம் மட்டும் சிவந்திருப்பதைப் போல. அதனால்தான் மயிர் முழுக்க நிறமி இருக்கும் குதிரையைவிட அது வெளிறித் தெரிகிறது. முதுகுக்கோட்டு மயிரில் மட்டும் நிறமி சுற்றிலும் இருக்கும். இதற்குக் காரணமான டிபிஎக்ஸ்3 மரபணுவைப் பற்றி 2016-ல் வெளியான ஆய்வைப் படித்தபோது, முப்பது வருடமாகக் கையால் தடவிக்கொண்டிருந்த கோட்டை நான் முதல் முறையாகப் பார்த்ததுபோல் இருந்தது. டன்தான் குதிரையின் ஆதி நிறம். மங்கோலியாவின் காட்டுக் குதிரைகள் இன்றும் அந்த நிறத்தில்தான் இருக்கின்றன. மற்ற குதிரைகளின் அழுத்தமான நிறம் பிறகு வந்த மாற்றம்.

இரட்டை விலை பேசும் இரண்டாவது வியாபாரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நுக்ரா என்பது சந்தைப் பெயர், மரபணுப் பெயர் அல்ல. வெள்ளையாகத் தெரியும் குதிரை பல வழிகளில் வரும். பெரும்பாலான வெள்ளைக் குதிரைகள் கறுப்பாகவோ சிவப்பாகவோ பிறந்து வயது ஏற ஏற நரைப்பவை. அவற்றின் மூக்கும் கண்ணோரமும் கறுத்திருக்கும், தோலும் கறுப்பு. வயதான பிறகு வாலடியில் கறுப்புக் கட்டிகள் வருவது அவற்றின் தொல்லை. சில, நிறமி அணுக்களே தோலுக்கு வந்து சேராத வெள்ளை. தோல் ரோஜாவாக இருந்தாலும் கண் பெரும்பாலும் கறுத்திருக்கும். உங்கள் குட்டி மூன்றாவது வகை, நிறமி அணுக்கள் இருந்தும் நிறம் நீர்த்தது. சுத்தமான வெள்ளைத் துணியை அதன் விலாவில் வைத்துப் பாருங்கள். குட்டி வெள்ளை இல்லை, தந்தம் என்று தெரியும். விற்பது விற்காதது உங்கள் விருப்பம். விற்றால், எந்தப் பெயரில் விற்றீர்கள் என்பது உங்கள் அப்பாவின் பேச்சாக நிற்கும். இன்னொருவர் தீபச் சந்தையில் உங்கள் அப்பாவைத் திட்டும்படி ஆகக் கூடாது. எப்படியானாலும் பால் மறக்க ஆறு மாதமாவது தாயோடு விடுங்கள்.

இனி அவசியமான பேச்சு வெயில். எனக்குக் கவலை தருவது இது ஒன்றுதான். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ரோஜாத் தோலுக்கு அந்த வெயிலைத் தாங்கும் கவசம் இல்லை. மூக்கு நுனி, உதடு, கண் இமை, வாலடி ஆகிய மயிர் குறைந்த இடங்கள் முதலில் வெந்து செதில் உரியும். வருடக்கணக்கில் இப்படி வெந்தால் இமையிலும், கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாவது இமை என்ற சவ்விலும் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு. ஆற்றங்கரைப் பகுதிகளில் மணலின் பிரதிபலிப்பும் சேரும். பாலாற்றுப் படுகையில் பகல் பத்து மணிக்கு மேல் மேயவிடாதீர்கள். காலையிலும் மாலையிலும் விடுங்கள், நடுப்பகலில் கூரை நிழல். வேப்பமர நிழல் நல்லதுதான், ஆனால் சல்லடை நிழல். பகல் முழுவதற்கும் அது போதாது. மூக்கிலும் இமையோரத்திலும் துத்தநாக ஆக்ஸைடு களிம்பு பூசலாம், கண்ணுக்குள் போகாமல். ஈக்கு மாட்டும் வலை முகமூடி கண்கூச்சத்துக்கும் உதவும். மாதம் ஒருமுறை கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் அரிசி மணியளவு சிவந்த முண்டு, ஆறாத புண், ஒரு கண்ணில் மட்டும் ஓயாத நீர், இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சின்னதாக இருக்கும்போது எடுத்துவிடலாம். வேலியோரம் உண்ணிச்செடி இருந்தால் வேரோடு பிடுங்குங்கள். அதைத் தின்ற மாடுகளுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட வெள்ளைத் தோல் மட்டும் உரிந்து தொங்கியதை அணைக்கட்டுப் பக்கம் பலமுறை பார்த்திருக்கிறேன். குட்டியை அதன் கிட்டேயே விடாதீர்கள். வெளிர் குளம்பு பலவீனம் என்பார்கள். குளம்பின் உறுதி நிறத்தில் இல்லை, நம்பாதீர்கள்.

அண்ணனின் யோசனைக்கு என் பதில், வேண்டாம். அதே ஜோடியைச் சேர்ப்பதில் பிறவிக் கேடு எதுவும் இல்லை. இரட்டைக் கிரீம் உயிரைப் பறிக்கும் சேர்க்கை அல்ல. ஆனால் இந்த ஊர் வெயிலுக்கு, தெரிந்தே ரோஜாத் தோலைப் பிறப்பிக்க நான் துணை நிற்க மாட்டேன். தெரியாமல் பிறந்ததைக் கண்போல் வளர்ப்பது வேறு. தாயைக் கிரீம் இல்லாத நல்ல செவலையோடோ ஓரம் கறுத்த சிவப்போடோ சேர்த்தால், இரண்டில் ஒரு வாய்ப்பில் ஒற்றைக் கிரீம் குட்டி கிடைக்கும். சந்தன நிறமாக வரவும் வாய்ப்பு உண்டு, தோல் கறுத்தே இருக்கும், வெயில் தொல்லையும் இல்லை. உங்கள் பால்நிறக் குட்டிக்கு நான்கு வயதாகி அதைச் செவலையோடு சேர்த்தால் இன்னும் நல்லது. அதனிடம் இருப்பது இரண்டும் கிரீம் சீட்டு; பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் ஒன்று கட்டாயம் போகும். இங்கே குலுக்கலே கிடையாது. பெயர் தெரியாத வெள்ளைக் குதிரையோடு மட்டும் சேர்க்க வேண்டாம். அந்த வெள்ளை எந்த மரபணுவால் வந்தது என்று தெரியாமல் சேர்த்தால், முன்னே சொன்ன குடல் கோளாறு போன்றவை எந்த வாசல் வழியாக வரும் என்று சொல்ல முடியாது.

பொலிகுதிரையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் காலைப் பாருங்கள், பிறகு குளம்பு, பிறகு குணம். கல்யாண ஊர்வலத்தில் மேளமும் வெடியும் நடுவே மாப்பிள்ளையைச் சுமக்கும் குதிரைக்குப் பொறுமையைவிடப் பெரிய அழகு கிடையாது. நிறத்தை நான் நான்காவதாகத்தான் வைப்பேன்.

பரிசோதனை செய்வதானால் மயிரை வெட்டாதீர்கள், பிடுங்குங்கள். தாய்க்குப் பிடரியிலிருந்து முப்பது நாற்பது இழை. குட்டியின் பிடரி மயிர் பூஞ்சையாக இருப்பதால் வாலிலிருந்து எடுங்கள். ஐந்தாறு இழையாக விரலில் சுற்றிச் சட்டென்று இழுத்தால் வேரோடு வரும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நுனியில் கசகசாவைவிடச் சிறிய வெண்குமிழ் தெரியும். டிஎன்ஏ இருப்பது அந்தக் குமிழில்தான். அது இல்லாத மயிர் ஆய்வகத்துக்குப் பயன்படாது. ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனிக் காகித உறை, உறையில் பெயர், ஈரம் படாமல். கையைக் கழுவிவிட்டு அடுத்த குதிரைக்குப் போங்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மரபியல் ஆய்வகம் இந்த நிறப் பரிசோதனைகளை மயிரை வைத்தே செய்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் அவர்களுடைய விதிகளை முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். தாய்க்குக் கிரீம் பரிசோதனை ஒன்று செய்தாலே நான் சொன்னது சரியா தவறா என்று தெரிந்துவிடும். தவறு என்று வந்தால் எனக்கு எழுதுங்கள். அதையும் இதே இடத்தில் வெளியிடச் சொல்கிறேன்.

கடைசி வரியில் பாட்டி கேட்டதாக ஒன்று எழுதியிருந்தீர்கள். திருஷ்டிக்கும் கண்கூச்சத்துக்கும் சேர்த்துக் குட்டியின் கண்ணைச் சுற்றி மை தீட்டலாமா என்று. பாட்டியிடம் சொல்லுங்கள்: நெற்றியில் ஒரு பொட்டு தாராளமாக வைக்கட்டும். இமையோரத்தில் வேண்டாம். கடையில் விற்கும் சில மைகளில் ஈயம் கலந்திருக்கும், குட்டி முகத்தைத் தாயின் மடியில் உரசும்போது அது பாலோடு வாய்க்குள் போகும். பொட்டுக்கும் வீட்டில் விளக்கெண்ணெய் விளக்கில் பிடித்த மையே போதும்.